இடது மட்கார்டு

டாட்சனின் இடது முன் மட்கார்டை
உப்பு தின்றுவிட்டது.
சாலைப் பனி உருகக் கொட்டுகிறார்களே, அந்த உப்பு.
மீனை ஊறப்போடக்கூட இவ்வளவு போடமாட்டோம்.
விரல் வைத்துப் பார்த்தேன்,
விரல் மறுபக்கம் வந்தது.

வலது மட்கார்டு நன்றாகத்தான் இருக்கிறது.
அதிலிருந்தே அச்செடுக்கலாம் என்று
இரண்டு கப் காபி குடிக்கும் நேரம் நம்பினேன்.
கம்பளிக் கையுறையை உள்வெளியாகப் புரட்டினால்
வலது இடதாகிவிடும்.
தகரம் அப்படிப் புரளாது.

டாய்ஸ்டோவுக்குப் போன் செய்தேன்.
கயானி வட்டாரத்தில் இன்னொரு டாட்சன்
அவனிடம்தான் இருக்கிறது.
ஜூலைப் பந்தயத்தில், மூன்றாவது வளைவில்,
அவனைச் சரளைக்குள் தள்ளியவள் நான்.
நீண்ட மௌனம். பின்னால் நாய் குரைத்தது.
"ஞாயிறு சாயங்காலத்துக்குள் திரும்ப வரணும்.
ஒரு கீறல்கூட..." என்றவன்
சொல்லி முடிக்காமல் சிரித்துவிட்டான்.
பன்னிரண்டு போல்ட்டையும்
ஜாம் புட்டியில் போட்டு அனுப்பினான், எண்ணிப் பார்த்துக்கொள் என்று.

ஏழு முறை மெழுகு தேய்க்க வேண்டும்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
பள்ளியிலிருந்து மகன் வந்து
ஸ்கேட் கயிறு அறுந்த கதையைச் சொன்னான்.
ஏழாவதைத் தேய்த்தேனா?
தேய்த்தேன் என்றே வைத்துக்கொண்டேன்.

வெளியே மைனஸ் இருபத்துமூன்று.
கராஜில் ரெசின் இறுகவே இறுகாது.
வீட்டில் அதற்கேற்ற சூடு ஓரிடத்தில்தான்.
"சவுனாவிலா?" என்றான் ரெய்னோ.
கடவுளை நம்பாதவன்;
சனிக்கிழமைச் சவுனாவை நம்புகிறவன்.

அடுப்பு அணைந்து
கல்லில் மிச்சச் சூடு மட்டும் இருக்கையில்
மட்கார்டை மேல்பலகையில் கிடத்தினேன்,
குளிக்க வந்து தூங்கிப்போன விருந்தாளி மாதிரி.
நூறு மில்லிக்கு இரண்டு மில்லி ஹார்ட்னர், சிரிஞ்சில் அளந்து.
கண்ணாடி நார்ப் பாயைக் கத்தரிக்கவில்லை, கிழித்தேன்:
கத்தரித்த விளிம்பு கடைசிவரை முறைத்துக்கொண்டிருக்கும்,
கிழித்தது பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும்.
ரெசினைக் குடிக்கக் குடிக்க
வெள்ளைப் பாய் கண்ணைவிட்டுப் போனது.
உருளையால் குமிழிகளைத் துரத்தினேன்,
ஒன்றை விரட்டினால் இரண்டு.
மூன்றாம் அடுக்கில் கோப்பை சுட்டது, புகைந்தது.
கதவைத் திறந்து பனியில் வீசினேன்.
நிமிர்ந்தபடியே விழுந்து,
ஒரு சாண் ஆழம் உருக்கிக்கொண்டு இறங்கி,
அப்புறம்தான் அடங்கியது.

இரவெல்லாம் முழங்கை வரை அரிப்பு.
சுடுநீர் பட்டால் நார் இன்னும் உள்ளே போகும்.
இந்த நாட்டில், பிப்ரவரியில்,
பச்சைத் தண்ணீரில் கை கழுவினேன்.

சனிக்கிழமை காலை பிரித்தேன்.
மூன்று பக்கம் விட்டது.
விளக்கு மூலையில் பிடித்துக்கொண்டது.
ஏழாவது.
ஐஸ்கிரீம் குச்சிகளைச் செருகி,
இடுக்கில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர் விட்டு,
டாய்ஸ்டோவிடம் சொல்ல வேண்டிய பொய்களை
மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது,
டொக்.

அச்சின் உட்புறத்தில்
உள்ளங்கை அளவுக்கு ஒரு மேடு.
அவன் தகரத்தில் அது குழி.
ஜூலையில் என் பம்பர் போட்ட குழி,
என் போல்ட்டின் தலைகூடத் தெளிவாக.
இதில் எத்தனை மட்கார்டு வார்த்தாலும்
நான் அவனுக்குக் கொடுத்தது எனக்கே வரும்.

உப்புத்தாளை எடுத்தேன்.
பாதி மேடு போயிருந்தது,
ரெய்னோ கதவைத் தட்டினான்.
"இன்னைக்கு சனிக்கிழமை."
துண்டு தோளில், விறகு கையில்.
எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.
அன்று நாங்கள் கல்லில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகி
புதுப் படகு போல மணந்தது.
அவன் எதுவும் சொல்லவில்லை, கீழ்ப்பலகையில் உட்கார்ந்தான்.
மேல்பலகையில் ஒரு சொட்டு ரெசின், கல்லாகி.

மே மாதம், தொடக்கக் கோடு.
பக்கத்துக் காரிலிருந்து டாய்ஸ்டோ எட்டி
என் இடது பக்கத்தை நெடுநேரம் பார்த்தான்.
"பாதிதான் இருக்கு."
"மீதி உன்கிட்ட."
தகரம் நசுங்கும், ஃபைபர் நசுங்காது,
தாங்கும் இல்லையென்றால் பிளக்கும்.
அது அவனுக்கும் தெரியும்.
ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டான்.
விளக்கு மாறியது.